குறட்டைக்கு ஒரு காற்றுச் சிகிச்சை

நெம்மேலியைக் கடந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், இரவெல்லாம் படுத்துத் தூங்கியும் காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தவுடன் கண் செருகும் வண்டியோட்டியைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன், அவர் வீட்டாரை ஒரு வார்த்தை கேட்பது நல்லது. ஊரைக் கூட்டும் குறட்டை, சட்டென்று நிசப்தம், பிறகு மூச்சுத் திணறி ஒரு புரளல் என்று அவர்கள் சொல்வார்களானால், நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து சுவாசப் பாதை அடைபடும் வியாதி இருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 10 விநாடியாவது சுவாசம் தடைப்படுவது மணிக்கு 30 தடவையை எட்டினால் கடுமையானது என்பது வைத்தியர் கணக்கு. 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமான இசையமைப்பாளர் பப்பி லஹரியின் மரணத்துக்கு இவ்வியாதியே காரணமாகக் கூறப்பட்டது.

இவ்வியாதிக்கு ஸிட்னி டாக்டர் காலின் ஸல்லிவன் 1981இல் வெளியிட்ட சிபாப் சிகிச்சையில், ஒரு யந்திரம் அறைக் காற்றையே சற்று அழுத்தத்துடன் மாஸ்க் வழியே செலுத்த, அக்காற்று தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் தாங்கி நிற்கிறது. இது பிராணவாயு ஸிலிண்டரன்று. நமக்காக மூச்சு விடும் யந்திரமுமன்று. ஆகவே நள்ளிரவில் கரண்ட் போனால் உயிர் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். மூக்கு வறட்சி, முகத்தில் தழும்பு, வயிற்றில் காற்று ஆகிய தொந்தரவுகள் பெரும்பாலும் மாஸ்க்கை மாற்றுவதாலோ அழுத்தத்தைச் சரிசெய்வதாலோ அடங்கும். காற்றை ஈரமாக்க யந்திரத்திலுள்ள ஈரப்பதத் தொட்டிக்கு டிஸ்டில்ட் வாட்டரே உசிதம். நெம்மேலி ஆலையில் 2013 முதல் கடல்நீரைச் சுத்திகரித்து வரும் தண்ணீர் குடிக்க ஏற்றதேயாயினும், அதற்கு ஈடாகாது. தினமும் மிச்ச நீரைக் கொட்டித் தொட்டியை உலர்த்தாவிட்டால் கிருமி சேரும். பழைய யந்திரம் வாங்குவோர், உள்ளே ஒலி தணிக்கும் நுரைப்பொருள் சிதைவதாகக் கண்டு பிலிப்ஸ் நிறுவனம் 2021இல் திரும்ப அழைத்தவற்றுள் அதுவும் ஒன்றா என்று விசாரிக்க வேண்டும்.

பகல் தூக்கம் ஒழிவதும், அதனால் சாலை விபத்து குறைவதுமே சிபாப்பின் நிச்சயமான பிரயோஜனங்கள். இரத்த அழுத்தமும் ஓரளவு தணிகிறது. இருதயத்தைக் காக்கும் என்று விற்பவர் சொல்வதை மட்டும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். இந்தியாவும் பங்குகொண்ட, 2016இல் முடிவு வெளியான ஆராய்ச்சியில் 2,717 பேரைக் கவனித்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறைந்ததாகக் காணவில்லை. ஆனால் அவர்களில் சிபாப் பெற்றவர்கள் சராசரியாக இரவுக்கு 3 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக மட்டுமே மாஸ்க் அணிந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு யந்திரத்தை வாங்கிவிடாமல், முதலில் நித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது, இரவில் உங்கள் மூச்சு நிற்பதைப் பார்த்தவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.