பண்டிகை முடிஞ்ச பிறகு பூச்சட்டியை என்ன செய்வது?

தைப்பொங்கல் கழிந்து இரண்டு கிழமை போனால் லயத்து வாசல்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கிறிஸ்மஸுக்கு ஆசையாக வாங்கிய சிவப்புப் பூச்செடி இலை கொட்டி, வெறும் குச்சியாக ஒரு மூலையில் கிடக்கும். "பட்டுப்போச்சு" என்று சட்டியோடு கொல்லைப்பக்கம் வீசிவிடுவோம். மட்டக்களப்பு வாவிக்கரைப் பக்கம் இருக்கிற நம்ம உறவுகள் வீட்டிலும் இதே கதைதான். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டுக் கிழக்கே போய்க் குடியேறியவர்கள் பலர். டிசம்பர் லீவில் பதுளை - செங்கலடி வீதியால் அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் கையோடு ஒரு பூச்சட்டியும் போகிறது.

அந்தச் செடி பட்டுப்போகவில்லை. பொயின்செட்டியா என்பது அதன் பெயர். மெக்சிக்கோ நாட்டுச் செடி. சிவப்பாகத் தெரிவது பூ இல்லை, இலைதான். நடுவில் மஞ்சளாகச் சின்னதாக இருப்பதுதான் பூ. அது முடிந்ததும் இலையைக் கொட்டிவிட்டு ஓய்வெடுக்கும்.

வீசிய சட்டிதான் ஆபத்து. மட்டக்களப்பில் ஒக்டோபர் தொடங்கித் தை மாதம் வரை மழைக்காலம். டெங்கு கூடுகிறதும் அப்போதுதான். சட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் நிற்கிற கொஞ்சத் தண்ணீரே டெங்கு நுளம்புக்குப் போதும். ஏழு, பத்து நாளில் முட்டை நுளம்பாகிப் பறந்துவிடும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் சரியாகாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆகவே கிழமைக்கு ஒருதரம் தும்பால் தேய்த்துக் கழுவணும். தட்டே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. குளிர் கூடிய மேட்டுத் தோட்டங்களில் இது குறைவு என்பதால் நாம் பெரிதாக எடுப்பதில்லை. அந்தப் பழக்கத்தோடு வாவிக்கரைக்குப் போனால் கஷ்டம்தான். அங்கே போய் வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அஸ்பிரின், புருபன் கொடுக்காமல் டாக்டரிடம் காட்டுங்க.

சரி, செடிக்கு வருவோம். கவ்வாத்து வெட்டத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலை இல்லை. மாசி, பங்குனியில் ஒவ்வொரு கிளையிலும் மூன்று நாலு கணு விட்டு வெட்டிவிடுங்க. வெட்டிய இடத்தில் பால் வடியும். தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும். உடனே கழுவணும். இலையைத் தின்ற பிள்ளை செத்துப்போகும் என்று சொல்வது வெறும் கதை. ஆனாலும் வயிற்றைப் பிரட்டும், வாந்தி வரலாம். சின்னதுகளுக்கு எட்டாமல் வையுங்க. வெட்டிய குச்சியையும் எறிய வேண்டாம். பால் காய்ந்ததும் பொலித்தீன் உறையில் மண் போட்டு நட்டு, நிழலில் வைத்தால் வேர் பிடிக்கும். தேயிலைக் குச்சி நட்ட கைகளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

மலையில் செடியை நிலத்திலேயே நடலாம், வேலி உயரத்துக்கு வளரும். வாவிக்கரையில் அப்படி விட முடியாது. அங்கே மணல், ஊற்றிய தண்ணீர் நிற்காது. குழியில் மாட்டெருவும் மக்கிய குப்பையும் போட்டு, வேரைச் சுற்றித் தென்னம் பொச்சு அடுக்கணும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மத்தியான வெயில் படாத இடம் வேண்டும். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்க. உப்புக் கரித்தால் இந்தச் செடிக்கு ஆகாது. நான் அங்கே நட்ட முதல் செடி அப்படித்தான் ஓரம் கருகிப் போனது.

"இலை நல்லா வருது, சிவப்பு வரல்லியே" என்று சிலர் கேட்கிறார்கள். இரவு நீளும்போதுதான் இலை சிவக்கும். வாசலில் விடிய விடிய பல்பு எரிந்தால் செடிக்கு அது இரவாகத் தெரியாது. ஒக்டோபர் பிறந்ததும் வெளிச்சம் படாத பக்கமாக மாற்றி வையுங்க. வாவிக்கரையில் இரவிலும் சூடு என்பதால், அங்கே சிவப்புக் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.