இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டால்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "அம்மணி, நல்லாத்தான் இருந்தேன். காலைல எந்திரிக்கவே முடியல. எல்லாம் போச்சு." குமாரபாளையம் பக்கம் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் அதிகம். பண்டிகை நெருங்கினால் ஷிப்ட் நீளும், தூக்கம் குறையும். வீட்டில் ஒட்டடை அடிப்பதும், பரணிலிருக்கும் பாத்திரங்களை இறக்கிக் கழுவுவதும் அந்த வாரத்தில்தான். மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்த இடுப்பு வலி அப்போது கிளம்பிவிடும்.

வலியைவிட அந்த "எல்லாம் போச்சு"தான் எனக்குக் கவலை. ஏனென்றால் எதுவும் போகவில்லை. நாள்பட்ட வலியிலிருந்து மீள்கிறவர்களுக்கு நடுநடுவே இப்படி வலி ஏறுவது சகஜம். முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிட்டோம் என்று அதற்கு அர்த்தமில்லை. அப்படி நம்பிப் படுத்துவிட்டால்தான், சில நாளில் தணிய வேண்டியது வாரக்கணக்கில் இழுக்கிறது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. சாதாரணச் சுளுக்கும் தசைப்பிடிப்பும் பெரும்பாலும் அதற்குள் ஆறிவிடும். ஆறிய பிறகும் ஏன் வலிக்கிறது? 1983-இல் லண்டனில் கிளிஃபோர்ட் வூல்ஃப் என்ற ஆய்வாளர் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டினார். காயத்துக்குப் பிறகு, காயம் பட்ட இடம் மட்டுமல்ல, தண்டுவடத்தில் இருக்கும் நரம்புச் செல்களே கூருணர்ச்சி அடைந்துவிடுகின்றன. அதன்பின் லேசான தொடுதலும் சின்ன அசைவும்கூட வலியாகப் பதிவாகும். வலி முழுக்க முழுக்க உண்மை. ஆனால் அது சொல்லும் அளவுக்கு உடம்பில் சேதம் இருக்க வேண்டியதில்லை. தூக்கமின்மை, மனக்கவலை, வழக்கத்துக்கு மீறிய வேலை எல்லாமே இந்தக் கூருணர்ச்சியைக் கூட்டும்.

இதை நாற்பது வயது தாண்டிய ஓர் அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பதினெட்டு வயதிலிருந்து தறியில் நிற்பவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே கேட்டார்: "ஊடை நூலு அறுந்தா தறி தானா நின்னுக்குமல்லங்க அம்மணி? அறுந்தத உணர்ந்து நிறுத்தற அந்தக் கம்பி சரியில்லீன்னா, நூலு நல்லா இருக்கறப்பவே நின்னு நின்னு போகும். அது மாதிரியா?" அதேதான். அப்போது நூலை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை, கம்பியைத்தான் சரிசெய்ய வேண்டும்.

வலி கிளம்பியதும் பலர் ஓடுவது ஸ்கேன் எடுக்க. "ஜவ்வு விலகியிருக்கு" என்று எழுதி வந்துவிட்டால் பயம் இரட்டிப்பாகிறது. வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், ஐம்பது வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கும் ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது. அவர்கள் யாருக்கும் வலி கிடையாது. வயதானால் முடி நரைக்கிறது, ஜவ்வு தேய்கிறது. தேய்மானம் என்ற ஒரு சொல்லுக்காக யாரும் வேலையை விட வேண்டாம்.

ஆனால் சில அறிகுறிகளைப் பார்த்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. சிறுநீர் போக முடியாமலோ அடக்க முடியாமலோ இருப்பது, உட்காரும் பகுதி மரத்துப்போவது, கால் பலம் இழந்து பாதம் இழுபடுவது இவற்றில் எது வந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த பிறகு வரும் வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்கு வரும் புதுவலி ஆகியவற்றையும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

இவை எதுவும் இல்லாமல், பழகிய அதே வலிதான் ஏறியிருக்கிறது என்றால், அதற்கான ஏற்பாடு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. அதனால் நன்றாக இருக்கும் ஒரு நாளில் எழுதி வைக்கச் சொல்வேன். அந்த அக்கா மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதி, அடுப்படியில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். பாயில் படுத்து இரண்டு கால்களையும் நாற்காலி மேல் வைத்துக்கொள்வது, மூச்சை நீளமாக, மெதுவாக விடுவது, முழங்கால்களை இப்படியும் அப்படியும் லேசாகச் சாய்ப்பது, மணிக்கொரு தரம் எழுந்து சந்து முனை வரை நடந்து திரும்புவது. இதமாக இருந்தால் வெந்நீர்ப் பை. டாக்டர் ஏற்கெனவே எழுதித் தந்த மாத்திரையை அவர் சொன்ன அளவில் மட்டும் போடுவது, மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை வேண்டாம். கடைசி வரியை அவராகவே சேர்த்திருக்கிறார்: "அமுக்கி அமுக்கிப் பாக்கக் கூடாது." வலிக்கும் இடத்தையே சோதித்துக்கொண்டிருந்தால் கவனம் முழுக்க அங்கேயே நிற்கும், நரம்பும் அடங்காது.

நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பது மருந்தல்ல. முதல் நாள் கொஞ்சம் கூடுதலாகப் படுக்கலாம், ஆனால் மறுநாளே பாதி வேலையாவது தொடங்க வேண்டும். இதற்கு நேர் எதிரான இன்னொரு பழக்கமும் உண்டு, எங்கள் ஊர்ப் பெண்களிடம் அதிகம் பார்க்கிறேன். வலி குறைந்த அன்றைக்கே, தேங்கிக் கிடந்த துணி, வீடு கழுவல், கடை கண்ணி எல்லாவற்றையும் முடித்துவிட நினைப்பார்கள். மறுநாள் எழுந்திருக்க முடியாது. வலி வந்து நிறுத்தும் வரை செய்யாமல், கடிகாரத்தைப் பார்த்து, வலி வருவதற்கு முன்பே நிறுத்தப் பழக வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் என் வேலையிலேயே கடினமான பகுதி.

பெல்ட் போடலாமா, வெயிட் கட்டி இழுக்கலாமா என்று கேட்காதவர்கள் குறைவு. நாள்பட்ட இடுப்பு வலிக்கு இரண்டுமே வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றிய விளக்கத்தையும், மனத்துக்கான சிகிச்சையையும் பரிந்துரைக்கிறது. காசு செலவில்லாத வழி நடைதான். முதுகுவலியிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனை 2024-இல் லான்செட் இதழில் வந்தது. படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு மறுபடி வலி வருவதற்கான இடைவெளி 208 நாள், மற்றவர்களுக்கு 112 நாள். நடந்தவர்களுக்கும் வலி திரும்பி வந்தது என்பதையும் கவனியுங்கள். இனி வலியே வராது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

பட்டறை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வெடு என்று சொல்வது எளிது, மீட்டர் கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஒரு நாள் ஓய்வு என்பது ஒரு நாள் சோறு. வலி கிளம்பியவரை முழு லீவில் அனுப்பவும் வேண்டாம், வழக்கமான எல்லாத் தறியிலும் நிறுத்தவும் வேண்டாம். அந்தச் சில நாளுக்குப் பாதித் தறிகளை மட்டும் பார்க்கக் கொடுங்கள், உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள், பாவு சுமக்கிற வேலையை வேறு ஆளிடம் மாற்றுங்கள். எனக்குத் தெரிந்த பட்டறை ஒன்றில் இதைச் செய்கிறார்கள். அங்கே அந்த அக்கா இன்னும் தறி ஓட்டுகிறார்.