விளம்பரமும் கேழ்வரகும்

விவேக் நகரில் ஏழாம் வகுப்புப் பயிலும் எம் மகளிடம், "எலும்புக்கு உறுதி தரும் உணவு எது? இணையத்தில் தேடி எழுதி வருக" என்று சென்ற மாதம் அவள் ஆசிரியை பணித்தார். கைப்பேசியில் முதலில் தோன்றியது, டப்பாவில் அடைத்து விற்கும் பானமாவு ஒன்றின் புகழுரை. குழந்தை அதனை அப்படியே எழுதிக்கொண்டாள். அம்மாவை வாங்கித் தரவும் சொன்னாள்.

"இதைச் சொல்பவர் யார்? சொல்வதால் அவருக்கு என்ன ஆதாயம்?" என்று யாம் கேட்டோம். குழந்தை விழித்தாள்.

விற்பவரே வைத்தியரைப்போல் பேசும் காலம் இது. 'ஆரோக்கிய பானம்' என்றொரு வகை 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இல்லை. ஆதலின் அப்பெயரின்கீழ்ப் பானங்களை விற்கலாகாதென 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

பின்னர், ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஏட்டை இணையத்திலேயே தேடி எடுத்தோம். 1918இல் குன்னூரில் தோன்றிய ஆராய்ச்சிக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து இந்நிறுவனமாக வளர்ந்தது. அது 2017இல் வெளியிட்ட அட்டவணை 528 உணவுப் பொருள்களின் சத்தைக் கூறுகிறது. நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 364 மில்லிகிராம். தீட்டிய அரிசியிலோ பத்து மில்லிகிராமும் இல்லை!

நம் பாட்டிமார் கிண்டிய களியும் கரைத்த கூழும் இவ்வூருக்கு வந்தபின் நம்மிற் பலருக்கு மதிப்பற்றவையாயின. கன்னட அன்பர்கள் தம் ராகி முத்தையைக் கைவிடவில்லை. கர்நாடக அரசுப் பள்ளிகளிலும் 2024இல் பாலுடன் ராகி மால்ட் வழங்கத் தொடங்கினர்.

அதே நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி, உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, தேநீர் வேண்டாமென்கிறது. அவை உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தடுக்குமாம். இதைப் படித்த மகள், இட்லித் தட்டருகே ஆவி பறந்த எம் காப்பியைப் பார்த்தாள். இம்முறை விழித்தவர் யாமே!

பெற்றோர்களே, கைப்பேசியைப் பிடுங்குவதாற் பயனில்லை. குழந்தையின் அருகில் அமருங்கள். எழுதியவர் யார், எதன்பொருட்டு எழுதினார், எந்த ஆண்டில் எழுதினார் என்று கேட்கப் பழக்குங்கள். டப்பாவின் முகப்பை விடுத்து முதுகைப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே மிகுதியாய்ச் சேர்த்த பொருளே முதலில் நிற்கும். குழந்தை வெளிறிச் சோர்ந்திருந்தால் இணையத்தை நம்பியிராது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

எம் மகளின் ஏட்டில் இப்போது கேழ்வரகு ஏறிவிட்டது. நம் அடுப்பிலும் அது மீண்டும் ஏறுவதாக!