‘பிளாக்’ என்னும் சொல்லும் அதன் தமிழாக்கங்களும்: கடலூர், சிதம்பரம் வழக்குகளை முன்வைத்து

ஆங்கிலப் பொதுச்சொல் ஒன்று துறைதோறும் வெவ்வேறு பொருள் தருவதே கலைச்சொல்லாக்கத்தின் முதன்மை இடர் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. கடலூர் மாவட்டத்தில் ‘பிளாக்’ என்னும் சொல் வழங்கும் முறையை நோக்கின், அதற்கு ஈடாக அமைந்த தமிழ்ச்சொற்கள் ஏற்கெனவே வேறு பொருளில் நிலைபெற்றிருப்பதாலேயே குழப்பம் மிகுவது புலனாகும்.

இச்சொல்லின் அடிப்படைப் பொருள் மரக்கட்டை. இடைக்கால டச்சு மொழியில் அடிமரத்தைக் குறித்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துள் புகுந்தது. கட்டை வழியில் கிடந்தால் தடை. ஒரே கனமாக நின்றால் திரள். அத்திரளை எல்லையிட்டுப் பிரித்தால் பகுதி. இப்பொருள் விரிவு தமிழுக்குப் புதிதன்று. தேர்ச்சக்கரத்தின் கீழ் இடப்படும் முட்டுக்கட்டையைச் சிதம்பரம் தேரோட்டத்தைக் கண்டோர் அறிவர். இன்று அச்சொல் மரத்தோடு தொடர்பற்ற எத்தடைக்கும் வழங்குகிறது. அச்சுக்கட்டையிலும் அதே கட்டை உண்டு. ஆயினும் அச்சகத்தார் ‘பிளாக்’ என்றே வழங்கினர்.

1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் வழியே இச்சொல் ஆட்சித்துறையில் வேரூன்றியது. வளர்ச்சிப் பணிக்கான பிளாக் தமிழில் ‘வட்டாரம்’ ஆயிற்று; அதன் அலுவலர் வட்டார வளர்ச்சி அலுவலர். தாலுகாவோ ‘வட்டம்’, அதன் தலைவர் வட்டாட்சியர். ஒலியால் நெருங்கிய இவ்விரு சொற்களும் இருவேறு துறைகளுக்குரியன. சிதம்பரம் என்னும் பெயரில் வருவாய் வட்டம் உண்டு, வட்டாரம் இல்லை. நகரைச் சூழ்ந்த ஊர்கள் குமராட்சி, பரங்கிப்பேட்டை, கீரப்பாளையம் முதலிய ஒன்றியங்களுள் அடங்குவன. பட்டா மாறுதலுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தையும் ஊரக வீட்டு வசதித் திட்டத்துக்கு ஒன்றிய அலுவலகத்தையும் நாட வேண்டியவர், சொல்லை மாற்றிக் கேட்டால் ஒரு நாள் கூலியை இழப்பார்.

நெய்வேலி நகரியத்தில் நிலைமை மேலும் சிக்கலானது. அங்குக் குடியிருப்புப் பகுதிகளான பிளாக்குகள் எண்ணிடப்பட்டு, தமிழில் ‘வட்டம்’ எனப்படுகின்றன. விண்ணப்பப் படிவத்தில் ‘வட்டம்’ என்னும் இடத்தில் ஒருவர் அவ்வெண்ணை எழுதிவிட்டால் பிழை எழுதியவருடையதன்று.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற வேளாண் கல்வி நிலையங்களின் வயலாய்வுகளில் இச்சொல்லின் பொருள் வேறு. மண்வளம் ஏறத்தாழ ஒத்திருக்கும் வயற்பகுதியே அங்குப் பிளாக்; உரமோ விதையோ ஒவ்வொரு பகுதிக்குள்ளும் குலுக்கல் முறையில் பாத்திகளுக்கு ஒதுக்கப்படும். இதனைத் ‘தொகுதி’ எனலாம். சிதம்பரம் தொகுதி என்றால் தேர்தலே நினைவுக்கு வரும் என்பது வேறு செய்தி. ஆய்வேட்டின் சூழல் அம்மயக்கத்தைத் தடுத்துவிடும்.

மருத்துவத்தில் சூழல் அவ்வளவு உதவுவதில்லை. ‘இதயத்தில் பிளாக்’ எனப் பொதுமக்கள் கூறுவது இதயத் தசைக்குக் குருதி தரும் தமனியில் கொழுப்பு படிந்து ஏற்படும் அடைப்பை. மருத்துவர் ‘ஹார்ட் பிளாக்’ என எழுதுவதோ, இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்குச் செல்லும் மின்தூண்டல் தாமதப்படுவதை அல்லது தடைப்படுவதை. முன்னதற்கு மருந்து, ஸ்டென்ட், மாற்றுவழி அறுவை ஆகியன தீர்வாகும். பின்னதன் கடுமையான நிலைக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படும். பின்னதன் முதல்நிலை பெரும்பாலும் சிகிச்சையின்றிக் கண்காணிக்கப்படுவது. அதனை ‘இதய அடைப்பு’ எனப் பெயர்த்தால், மாரடைப்பு என்னும் சொல்லோடு பழகிய காதில் அது உயிர்க்கேடாகவே ஒலிக்கும். மாறாக, மூன்றாம் நிலைத் தடை உடையவர் தமனி ஆய்வில் ‘பிளாக் இல்லை’ என்று கேட்டு, மயக்கம் வந்தும் பேஸ்மேக்கரைத் தள்ளிப்போட இடமுண்டு. எனவே தமனிக்கு ‘அடைப்பு’ என்பதையும் மின்தூண்டலுக்கு ‘கடத்தல் தடை’ என்பதையும் வரையறுத்து ஆள்வது தக்கது. குழாய் அடைபடும், மின்னோட்டம் தடைப்படும் என்னும் இயல்பு வழக்கே இதற்குச் சான்று. அறுவைக்கு முன் மருந்து செலுத்தி நரம்புணர்வை மறிக்கும் ‘நெர்வ் பிளாக்’கிலும் தடை என்பதே பொருந்தும், அங்கு அது நோயன்று, மருத்துவர் வேண்டியே செய்வது.