கேட்டது நான், பதில் அவருக்கு!

மகள் பி.காம். முதல் வருஷம். வீட்டில் இருப்பதோ 2016-ல் வாங்கிய கம்ப்யூட்டர். ஆன் செய்துவிட்டு சோறு வடித்து வந்தாலும் திரை தெளியாது. 2025 அக்டோபரில் 'விண்டோஸ் 10'க்கு ஆதரவு நின்றதும், சீட்டு எடுத்த நாற்பதாயிரத்தோடு காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனோம்.

நான் கேட்டதற்கெல்லாம் கடைக்காரர் என் கணவரைப் பார்த்தே பதில் சொன்னார். அவருக்கோ மவுஸ் பிடிக்கவே தெரியாது! "பழசு இனிக் குப்பைங்க. இது ஐம்பத்திரண்டாயிரம். மிச்சத்துக்கு இ.எம்.ஐ. போட்டுக்கலாமுங்க" என்றார். ராம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்கம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. "யோசிச்சுட்டு வர்றோமுங்க" என்று எழுந்துவிட்டேன். பஸ்ஸில் அவர் பேசவே இல்லை. லீவு போட்டு வந்தவர் ஆயிற்றே.

மறுநாள், சர்வீஸ் செய்யும் பக்கத்து வீதித் தம்பியிடம் காட்டினேன். "விண்டோஸ் 11 இதுல ஏறாதுங்கக்கா. ஆனா மெசின் நல்லாத்தான் இருக்குது, டிஸ்க்குதான் மெதுவு" என்றான். எஸ்.எஸ்.டி.யும் கூடுதலாக 4 ஜிபி ராமும் மாட்டினான். ஐயாயிரத்துக்குள் முடிந்தது. லினக்ஸ் போட்டால் இலவசம்தான். ஆனால் மகளுக்கு டேலி வேண்டுமே! விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வர ஏற்பாடு இருக்கிறதாம், அதையும் பதிந்து கொடுத்தான்.

மீதிப் பணம் தபால் ஆபீஸில் கிடக்கிறது. புதுசு வாங்கும்போது மகளும் நானும் மட்டும்தான் கடைக்குப் போவதாக இருக்கிறோம்.

- ஒரு வாசகி, சிங்காநல்லூர், கோவை.