சிறுவனின் கேள்வியும் ஏரிக்கரைப் பறவைகளும்

சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது கீழ்வானம் இன்னும் வெளுத்திருக்கவில்லை. மார்கழிப் பனி தெருவெங்கும் இறங்கியிருந்தது. சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரத்தில் என் தமக்கை வாழ்க்கைப்பட்டிருக்கிறார். அரையாண்டு விடுமுறையில் அங்குச் சென்றிருந்த நான், அவருடைய பன்னிரண்டு வயது மகனை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். நெசவாளர் நிறைந்த ஊர் அது. விடியுமுன்பே எங்கோ ஒரு வீட்டில் தறியின் ஓசை தொடங்கிவிட்டிருந்தது. மருமகனின் கால்சட்டைப் பையில் உண்டிவில் ஒன்று துருத்திக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

கரைமீது ஏறி நின்றபோது நீர்ப்பரப்பு தெரியவில்லை, பனிமூட்டம் மறைத்திருந்தது. முதலில் காதுக்குத்தான் செய்தி கிடைத்தது. எங்கள் வருகையை ஊருக்கெல்லாம் அறிவிப்பதுபோல் ஆள்காட்டி ஒன்று கத்திக்கொண்டே தலைக்குமேல் வட்டமிட்டது. பனி விலக விலக நாமக்கோழிகள் கரிய புள்ளிகளாகத் தென்பட்டன. நீர்க்காகம் ஒன்று பட்டமரக் கிளையில் இறக்கைகளை விரித்து ஈரம் உலர்த்திக்கொண்டிருந்தது. முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி, நாம் எதிர்பாராத வேறோர் இடத்தில் தலை தூக்கியது.

அப்போது கரையோரச் சேற்றில் ஒரு சிறு பறவை நடந்து வந்தது. பழுப்பு முதுகில் வெண்பொரி தூவினாற்போன்ற நிறம். ஓயாமல் உடலின் பின்புறத்தை ஆட்டியபடி சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. மருமகனின் கை உண்டிவில்லை நோக்கிச் சென்றது. கல்லையும் பொருத்திவிட்டான். பிறகு என்ன தோன்றியதோ, "மாமா, இதன் பெயர் என்ன?" என்று கேட்டான்.

"ஏதோ குருவி" என்றேன். அவன் முகம் சட்டென்று வாடிற்று. கல்லை எறிந்தான், குறி தவறியது, பறவை பறந்து போயிற்று.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனெனில் இதே போன்றதொரு கேள்வியை வேறொரு தாய்மாமன் வேறு விதமாக எதிர்கொண்டதால் விளைந்த நன்மையை நான் படித்திருந்தேன்.

ஒரு மாமாவின் கடிதம்

1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் சாலிம் அலி. மழலைப் பருவத்திலேயே தந்தையையும் தாயையும் இழந்த அவரைத் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி தம் இல்லத்தில் வைத்து வளர்த்தார். சிறுவனுக்கு ஒரு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. அதைக்கொண்டு சிட்டுக்குருவிகளைச் சுட்டுத் திரிவது அவன் பொழுதுபோக்காயிற்று.

ஒரு நாள் சுட்ட சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறம் தெரிந்தது. வழக்கமாகக் காணும் சிட்டு அன்று அது. முஸ்லிமான தான் இதை உண்ணலாமா என்ற ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. நேரே மாமாவிடம் கொண்டு சென்றான். மாமாவோ வேட்டையில் ஆர்வம் உடையவர். ஆயினும் அப்பறவை இன்னதென்று அவருக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் அவர் கூறவில்லை. சிறுவனை அதட்டி அனுப்பவும் இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த டபிள்யூ. எஸ். மில்லார்ட் என்ற ஆங்கிலேயருக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்துச் சிறுவனை அங்கே அனுப்பினார்.

மில்லார்ட் அதனை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று இனங்கண்டு சொன்னதோடு நில்லாமல், பாடம் செய்து பாதுகாக்கப்பட்ட பறவைகளைப் பேழை பேழையாகத் திறந்து காட்டினார். படிக்க நூல்களும் கொடுத்தார். 1908-ஆம் ஆண்டில் நிகழ்ந்த இச்சந்திப்பே சாலிம் அலியின் வாழ்க்கைப் பாதையை வகுத்தது. இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் 1941-இல் வெளிவந்து இன்றளவும் பயன்படுகிறது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பெருநூல் பத்துத் தொகுதிகளாக அமைந்தது. 1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1987-இல் மறைந்தார். அவர் பெயரால் 1990-இல் நிறுவப்பட்ட பறவையியல் ஆய்வு மையம் நம் கோவையை அடுத்த ஆனைகட்டியில் இயங்கி வருகிறது.

நெய்யும் பறவை

நெசவாளர் வாழும் ஊரில் இருந்துகொண்டு தூக்கணாங்குருவியைப் பற்றிப் பேசாதிருக்க இயலாது. 1930-இல் சாலிம் அலி வேலையின்றி இருந்தார். அவர் பார்த்துவந்த அருங்காட்சியகப் பணி, நிதி இல்லை என்று நீக்கப்பட்டிருந்தது. மனைவி தெஹ்மினாவுடன் பம்பாய்க்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள கிஹிம் என்ற சிற்றூரில் தங்கியிருந்தபோது, அருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை நாள் தவறாமல் அமர்ந்து கவனித்தார்.

ஆண் குருவிதான் கூட்டை நெய்கிறது. கூடு பாதி முடிந்த நிலையில் பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து பார்வையிடுகிறது. பிடித்தால் ஏற்றுக்கொள்கிறது, பிடிக்காவிட்டால் போய்விடுகிறது. ஏற்கப்பட்ட கூட்டை நிறைவு செய்து கொடுத்த பின், ஆண் குருவி அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண் குருவியை அழைக்கிறது. அக்குருவியின் இல்வாழ்க்கை முறையைத் தெளிவாக விளக்கிக் காட்டிய ஆய்வு அது. துப்பாக்கி ஏந்திய சிறுவன், பொறுமையோடு பார்க்கக் கற்ற அறிஞராக முதிர்ந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம்

அன்று மாலையே ஒரு பறவைக் கையேட்டைத் தேடிப் பிடித்தேன். சேற்றில் கண்ட பறவை பொரி உள்ளான் என்று தெரிந்தது. ஐரோப்பாவின் வடபகுதி முதல் சைபீரியா வரை பரந்து கிடக்கும் சதுப்பு நிலங்களில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் நம் நாட்டு ஏரிகளை நாடி வரும் விருந்தாளி அது. மருமகனிடம் நிலப்படத்தை விரித்துக் காட்டினேன். அவன் விரல் வடதுருவத்தை ஒட்டிய நாடுகளிலிருந்து ஜலகண்டாபுரம் வரை மெல்ல நகர்ந்தது. "இவ்வளவு தூரமா மாமா? நான் கல்லால் அடித்தேனே" என்றான். அதற்குமேல் நான் அறிவுரை கூறத் தேவையிருக்கவில்லை.

சமையற்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் தமக்கை, "கொல்லையில் துணி உலர்த்தும் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. பத்து நாளாக அந்தக் கம்பியில் நான் துணி போடுவதில்லை" என்றார். வீட்டை விட்டு அகலாமலே அவர் பறவை பார்த்துக்கொண்டிருந்தார், நாங்கள்தாம் கேட்கவில்லை.

ஒரு பயணத்தின்போது தோழர்கள் சிலர் சிறு பறவையொன்றின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார்கள் என்ற செய்தி அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் உள்ளது. அதை அன்றிரவு தமக்கை மகனுக்குச் சொன்னார்.

பறவை பார்க்கப் பெருஞ்செலவு இல்லை. ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். பைனாகுலர் இருந்தால் நலம். பளிச்சிடும் நிற ஆடை தவிர்த்து, கதிரவனை முதுகுப்புறம் வைத்து, ஓரிடத்தில் அசையாமல் அமர வேண்டும். பறவையின் பருமன், அலகின் வடிவம், காலின் நிறம், நடக்கும் விதம் ஆகியவற்றை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பெயரைப் பிறகு தேடலாம். தமிழகத்தில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் கண்ட பறவைகளை எண்ணி, ஈபேர்ட் என்னும் இணையப் பதிவேட்டில் எவரும் சேர்க்கலாம்.

நீர் இருந்தால்தான் பறவை

1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை பக்கத்திலேயே இருந்தும், இப்பகுதி ஏரிகள் மேட்டில் இருப்பதால் மழையையே நம்பி நின்றன. அணையின் உபரி நீரை நீரேற்றிச் சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்திற்கு 2020-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2021-இல் அதன் முதற்பகுதி தொடங்கிவைக்கப்பட்டது. சேலம் கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரியை 2010-இல் பொதுமக்களே முன்னின்று தூர்வாரி, அந்த மண்ணைக்கொண்டு நீர்நடுவே திட்டுகள் அமைத்து மரங்கள் நட்டனர். பறவைகள் அங்கே குடியேறின.

நீர் வந்தால் போதாது. ஏரியில் குப்பை கொட்டுவதும், கண்ணி வைப்பதும் நிற்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவைகளை வேட்டையாடுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

மறுநாள் சுப்ஹுக்குப் பின் மருமகனே என்னை எழுப்பாத குறையாக இழுத்துச் சென்றான். உண்டிவில் அப்போதும் அவன் பையில்தான் இருந்தது. ஆனால் கையில் ஒரு நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் தேதியிட்டு எட்டுப் பறவைகளின் பெயர்களை எழுதினான். ஒன்பதாவது பறவைக்கு எங்கள் இருவருக்குமே பெயர் தெரியவில்லை. "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். அவன் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, எண்ணை மட்டும் குறித்துக்கொண்டான்.

அன்பார்ந்த பெற்றோர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஒரு கேள்வியோடு வந்து நிற்கக்கூடும். விடை தெரியாவிட்டால் குற்றமில்லை. தெரிந்தவரிடம் அனுப்புங்கள், இயன்றால் நீங்களும் உடன் செல்லுங்கள்.