பிப்ரவரியில் தொடங்கும் கிறிஸ்துமஸ் சமையல்

அடுப்படி உலகம் – 14

நார்வேயில் கிறிஸ்துமஸ் விருந்து டிசம்பர் 24-ஆம் தேதி மாலையில் நடக்கிறது. ஐந்து மணிக்குத் தேவாலய மணிகள் அடித்தால் பண்டிகை வந்துவிட்டது. அதற்குள் இருட்டி வெகுநேரம் ஆகியிருக்கும். ஒஸ்லோவில் அந்த வாரத்தில் சூரியன் காலை ஒன்பது மணிக்குப் பிறகு எழுந்து, பிற்பகல் மூன்று மணியைத் தாண்டியதும் போய்விடுகிறது. வடக்கே டிரோம்சோவில் நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பிவரும். வயலில் ஒன்றும் விளையாத காலம் இது. மேசைக்கு வருவதெல்லாம் முன்பே சேர்த்துவைத்தவை.

போன வாரம் சுவீடனின் லூசியா நாள் குங்குமப்பூ ரொட்டியோடு நிறுத்தினோம். இந்த வாரம் எல்லை தாண்டி நார்வேக்கு வருகிறோம். இந்த நாட்டுப் பண்டிகைச் சமையலை நான் சேமிப்புக் கலையாகவே பார்க்கிறேன். ஆண்டின் ஏதோ ஒரு மாதத்தில் பிடித்ததை, அறுத்ததை, கறந்ததைக் கெடாமல் டிசம்பர்வரை கொண்டுவந்து சேர்க்கும் வழியைத்தான் ஒவ்வொரு குடும்பமும் சமையல் குறிப்பு என்று மகளுக்கும் மருமகளுக்கும் சொல்லிவைத்திருக்கிறது.

அதன் முதல் வேலை பிப்ரவரியில், லோஃபோட்டன் தீவுகளில் தொடங்குகிறது. பாரென்ட்ஸ் கடலில் வாழும் காட் மீன் முட்டையிடுவதற்காக ஆண்டுத் தொடக்கத்தில் கூட்டங்கூட்டமாக இந்தத் தீவுகளின் பக்கம் வரும். பிடித்த மீனின் தலையையும் குடலையும் நீக்கி, வால்களைச் சேர்த்து இரண்டிரண்டாகக் கட்டி, மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். உப்பு கிடையாது. அந்த மாதங்களில் அங்கே குளிர் உறைநிலையை ஒட்டியே நிற்பதால் மீன் உறைந்து உடைவதும் இல்லை, ஈ மொய்த்து அழுகுவதும் இல்லை. கடற்காற்றில் ஈரமெல்லாம் போய் விறைத்துவிடும். பிறகு அதை ரம்பத்தால்தான் அறுக்க முடியும். உப்பே படாத இந்தக் கருவாடு ஆண்டுக்கணக்கில் கெடாது. பெர்கன் நகரத்தின் செல்வம் இதில் வந்ததுதான். 1360 வாக்கில் ஜெர்மானிய ஹான்சா வணிகர்கள் அங்கே வணிகநிலையம் அமைத்தார்கள். தானியம் கொண்டுவந்து கொடுத்து, இந்த மீனை ஏற்றிப்போய் ஐரோப்பா எங்கும் விற்றார்கள்.

நார்வேயின் மீன் தொழிலோடு தமிழருக்கும் உறவு உண்டு. 1956-இல் அந்த நாட்டுக்கு வந்த அந்தோனி ராஜேந்திரம், பின்னர் யாழ்ப்பாணத்தில் சீநோர் என்ற மீன்பிடி நிறுவனம் உருவாகக் காரணமானார். 1980-களில் போர் துரத்திய ஈழத்தமிழர் பலர் நார்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் கடற்கரையூர்களின் மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

லோஃபோட்டன் கருவாட்டிலிருந்து செய்வது லூட்டெஃபிஸ்க். அறுத்த துண்டுகளைத் தினமும் தண்ணீர் மாற்றி ஏறக்குறைய ஒரு வாரம் ஊறவைக்க வேண்டும். அடுத்து இரண்டு மூன்று நாள் காரநீரில் கிடக்கும். முன்பு பிர்ச் மரச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீரைப் பயன்படுத்தினார்கள், இப்போது காஸ்டிக் சோடா. காரம் புரதத்தை நெகிழ்த்தி நீரை இழுத்துக்கொள்ளச் செய்வதால் மீன் உப்பி, ஒளி ஊடுருவும் நிறத்துக்கு வரும். அந்த நிலையில் வாயில் வைத்தால் வாய் வெந்துவிடும். மறுபடி சில நாள் நல்ல தண்ணீரில் போட்டுக் காரத்தை இறக்கிய பிறகே அடுப்புக்குப் போகலாம். அதன்பின் வேலை எளிது. தட்டில் பரப்பி, உப்புத் தூவி, இறுக மூடி அவனில் வைத்தால் தான் விடும் நீரிலேயே வெந்துவிடும். மேலே உருக்கிய பன்றிக் கொழுப்பும் அதில் பொரிந்த துணுக்குகளும், பக்கத்தில் குழைந்த பட்டாணியும் உருளைக்கிழங்கும். ஒலாவுஸ் மாக்னுஸ் என்ற சுவீடன் பேராயர் 1555-இல் ரோமில் வெளியிட்ட நூலிலேயே, மீனைக் காரநீரில் ஊறவைத்து, வேகவைத்து, வெண்ணெயோடு உண்ணும் வழக்கத்தை எழுதிவைத்திருக்கிறார்.

வெளிநாட்டார் இந்த உணவைக் கேலி செய்வது எனக்கு உவப்பாக இல்லை. மீனுக்கென்று இங்கே சுவை குறைவுதான். கொழுப்பின் உப்பையும் கடுகின் காரத்தையும் தாங்கிவரும் மென்மைக்காகவே அதைச் செய்கிறார்கள். இரண்டு வாரம் பொறுத்திருந்து சமைக்கும் ஒன்றை ஒரே வாயில் எடைபோடுவது நியாயமில்லை.

மேற்குக் கடற்கரையில் மேசையின் நடுவே வருவது ஆட்டிறைச்சி. பெயர் பின்னெஷோட். கோடையெல்லாம் மலைமேல் மேய்ந்த ஆடுகளை இலையுதிர் காலத்தில் கீழே ஓட்டிவருவார்கள். பனிக்காலம் முழுக்க அத்தனைக்கும் போடக் காய்ந்த புல் போதாது. அடுத்த ஆண்டு குட்டி போடவேண்டியவற்றை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை அறுப்பது அதனால்தான். விலாப்பகுதியை முழுசாகக் கல்லுப்பில் கிடத்திச் சில நாள் வைத்து, பிறகு குளிர்ந்த காற்று புகும் இடத்தில் வாரக்கணக்கில் தொங்கவிடுவார்கள். சில ஊர்களில் புகையும் போடுவார்கள். புகை போட்டது உயர்வா, போடாதது உயர்வா என்பதில் ஊருக்கு ஊர் பிடிவாதம் உண்டு.

வீட்டில் செய்யும் முறை இது. எலும்பின் எடை அதிகம் என்பதால் ஆளுக்கு 400 முதல் 500 கிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். விலாக்களைத் தனித்தனியாக வெட்டி, நிறையக் குளிர்ந்த நீரில் ஒரு நாளுக்குக் குறையாமல் ஊறவைத்து உப்பை இறக்க வேண்டும். கனமான பெரிய பாத்திரத்தின் அடியில், பட்டை உரித்த பிர்ச் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, குச்சிகளின் மட்டத்துக்கு மட்டும் நீர் ஊற்றி, மேலே இறைச்சியை வைத்து மூடிச் சிறுதீயில் மூன்று மணி நேரம் விட வேண்டும். ஆவியிலேயே வேகிறது, நீர் வற்றாமல் அவ்வப்போது பார்த்து ஊற்றுவதுதான் வேலை. சதை எலும்பைவிட்டுத் தானாக நழுவினால் பக்குவம். துணைக்கு, மஞ்சள் சதையுள்ள ருட்டபாகா என்ற கிழங்கை வேகவைத்து மசித்து, வெண்ணெயும் கிரீமும் துருவிய ஜாதிக்காயும் சேர்ப்பார்கள். கடைசியில், இறைச்சிப் பாத்திரத்தின் அடியில் கொழுப்பு மிதக்க நிற்கும் உப்புச் சாற்றில் இரண்டு கரண்டி விழ வேண்டும். அது விழாத மசியல் வெறும் கிழங்குதான்.

கிழக்கில், ஒஸ்லோவைச் சுற்றிய பகுதிகளில், இதே மாலையில் பன்றி விலா. பெயர் ரிப்பெ. தோலைச் சிறு சதுரங்களாகக் கீறி, உப்பும் மிளகும் தேய்த்து இரண்டு மூன்று நாள் குளிரில் வைத்து, முதலில் கொஞ்சம் தண்ணீரோடு அலுமினியத் தாளால் மூடி 230 டிகிரி சூட்டில் முக்கால் மணி நேரம் வைப்பார்கள். தோல் உப்பி, கீறல்கள் விரியும். பிறகு நடுவில் ஒரு தட்டைக் கவிழ்த்து முட்டுக்கொடுத்து, கொழுப்பு இருபுறமும் வழிந்தோட, தாளை எடுத்துவிட்டு நிதானமாக வாட்டி, முடிவில் சூட்டைக் கூட்டித் தோலைப் பொரியவைக்க வேண்டும். தோல் மொறுமொறுவென்று வந்ததா என்பதுதான் அன்று இரவு வீட்டுக்கு வீடு விசாரிக்கும் செய்தி. புளிப்பான முட்டைக்கோஸும், சீரகத்துக்கு உறவான கேரவே விதையும் கொழுப்பின் திகட்டலை அடக்கும். கிழக்கத்திப் பெண் மேற்கத்தி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டால், 24-ஆம் தேதி எது, புத்தாண்டுக்கு முன்னிரவில் எது என்று இரண்டு குடும்பமும் பேசி முடிவெடுக்கும்.

குடிக்க வீட்டு பீர். பண்டிகைக்கு பீர் காய்ச்சுவது ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. மேற்கு நார்வேயின் பழைய குலாட்டிங் சட்டம், குடியானவர் ஒவ்வொருவரும் கிறிஸ்துமஸுக்கு பீர் தயாரிக்க வேண்டும் என்றது. தவறினால் அபராதம், மூன்று ஆண்டு தொடர்ந்து தவறினால் சொத்தையே இழக்க நேரிடும்.

இனி பலகாரம். ஏழு வகை இருக்க வேண்டும் என்பது நார்வேயில் எல்லோரும் அறிந்த கணக்கு. எந்த ஏழு என்பதற்குப் பொதுவான பட்டியல் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தன் ஏழு. டிசம்பர் பிறந்ததும் ஒவ்வொன்றாகச் செய்து தகர டப்பாக்களில் அடைப்பார்கள். எனக்கு இந்த ஏழில் பிடித்தது, ஒரு நாட்டு அடுப்பின் வரலாறே அவற்றில் தெரிவதுதான். வீடுகளில் திறந்த அடுப்பு மட்டும் இருந்த நாளில் பண்டங்கள் இரண்டு விதமாகவே செய்ய முடிந்தது. ஒன்று, நீண்ட பிடியுள்ள இரும்பு அச்சுகளுக்கு இடையே மாவை வைத்து நெருப்பின் மேல் சுடுவது. மெல்லிய வட்டமாக வார்த்து, சூடு ஆறுமுன் மரக்கூம்பில் சுருட்டும் க்ரும்காக்கெ அப்படிப்பட்டது. செவ்வகத் தகடாக வரும் கோரோவும் அப்படியே. மற்றது கொழுப்பில் பொரிப்பது. சாய்சதுரமாக வெட்டி, நடுவில் கீறி, ஒரு முனையை அதனுள் நுழைத்துப் பொரிக்கும் ஃபட்டிக்மன் இந்த வகை. ரொசெட்பாக்கெல்ஸ் என்ற இன்னொன்றை நம் வீட்டுப் பெண்கள் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்: பூப்போன்ற இரும்பு அச்சைக் காயும் கொழுப்பில் சூடாக்கி, மேல்விளிம்பு மூழ்காமல் மாவில் தோய்த்து, திரும்பக் கொழுப்பில் இறக்குவது, நம் அச்சு முறுக்கைப் போலவே.

19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இரும்பு அடுப்பு வீடுகளில் பரவியது. அதனுள் சீரான சூடு கிடைத்ததும் பிஸ்கட் வகைகள் பெருகின. நார்வேப் பெண்கள் கையில் அப்போது இருந்த நூல், பாதிரியாரின் மனைவி ஹன்னா வின்ஸ்னெஸ் 1845-இல் எழுதிய இல்லப் பராமரிப்புப் பாடநூல். மெல்லிய பிஸ்கட்டுகளைப் பொரபொரப்பாக்க ஒரு காலத்தில் மான் கொம்பிலிருந்து எடுத்த உப்பைச் சேர்த்தார்கள். இன்று அது அம்மோனியம் பைகார்பனேட். பச்சை மாவில் நெடியடிக்கும். வெந்ததும் அந்த நெடி முழுக்க ஆவியாகிவிடும்.

அவனில் சுடும் வகைகளில் ஒன்றை நம் வீட்டிலும் செய்யலாம். பெயர் பெர்லினர்க்ரன்ஸ். கெட்டியாக அவித்த இரண்டு மஞ்சள் கருக்களை, இரண்டு பச்சை மஞ்சள் கருக்களோடு கட்டியில்லாமல் மசித்து, 125 கிராம் சர்க்கரை சேர்த்து அடித்துக்கொள்ள வேண்டும். 300 கிராம் மைதாவையும் 250 கிராம் மென்மையான வெண்ணெயையும் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பிசைந்து, குளிரில் வைத்து எடுத்து, விரல் தடிமனில் உருட்டி, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு சிறு வளையமாக்க வேண்டும். வெள்ளைக் கருவில் தோய்த்துப் பெருமணிச் சர்க்கரையில் ஒற்றி, வெளிறிய பொன்னிறம் வரும்வரை சுட்டால் போதும். வாயில் வைத்ததும் பொடிந்து கரைவது அவித்த மஞ்சள் கருவின் வேலை. பழைய நாளில் இத்தனை வெண்ணெய் கோடையில் மலைக் கொட்டகைகளில் கறந்து கடைந்து சேர்த்ததாக இருக்கும். அதை இப்படி அள்ளிப்போடுவது ஆண்டில் இந்த ஒரு முறைதான்.

இந்தப் பலகாரங்களில் ஏலக்காய் கமழ்கிறது. மசாலாப் பிஸ்கட்டுகளில் பட்டையும் கிராம்பும் இஞ்சியும், சில வீடுகளில் மிளகும். பனி மூடிய நாட்டுக்கு இவை கடல் கடந்து வந்தவை. 1814 வரை நார்வேயும் டென்மார்க்கும் ஒரே அரசரின் கீழ் இருந்தன. அந்த அரசின் கப்பல்கள் மிளகும் துணியும் தேடி நம் தரங்கம்பாடிக்கு வந்து, 1620-இல் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கின. 1845-இல், வின்ஸ்னெஸின் நூல் வெளிவந்த அதே ஆண்டில், டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது.

அரிசியும் அப்படித் தொலைவிலிருந்து வந்ததுதான். பண்டிகைக்கு வாற்கோதுமைக் கஞ்சி குடித்துவந்தவர்களுக்கு அரிசி கிடைத்தபோது அது ஆடம்பரம். இன்று 24-ஆம் தேதி பகலில் பெரும்பாலான வீடுகளில் பால் கஞ்சி. இரண்டு டெசிலிட்டர் குட்டையரிசியை நான்கு டெசிலிட்டர் நீரில் நீர் சுண்டும்வரை வேகவிட்டு, ஒரு லிட்டர் பால் ஊற்றி, அடிபிடிக்காமல் கிளறி, சிறுதீயில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் வைக்க வேண்டும். சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி, நடுவில் வெண்ணெய்த் துண்டு. கஞ்சிக்குள் தோல் உரித்த ஒரு முழுப் பாதாம் ஒளிந்திருக்கும். அது யார் கிண்ணத்தில் வருகிறதோ அவருக்கு மார்சிபனில் செய்த பன்றிக்குட்டி பரிசு. மிஞ்சிய கஞ்சியை ஆறவைத்து, அடித்த கிரீமில் கலந்து, மேலே சிவந்த பழச்சாறு ஊற்றினால் இரவு விருந்தின் இனிப்பு தயார்.

முன்பெல்லாம் ஒரு கிண்ணம் தொழுவத்துக்கும் போகும். அங்கே நிஸ்ஸெ என்ற சிறு காவல் தெய்வம் குடியிருப்பதாக நம்பிக்கை. வைத்த கஞ்சியில் வெண்ணெய் இல்லையென்று கோபித்து, வீட்டின் நல்ல பசுவைக் கொன்ற நிஸ்ஸெயின் கதையை ஸ்காண்டிநேவியா முழுதும் சொல்வார்கள். கிண்ணத்தைக் காலி செய்தபோது வெண்ணெய் அடியில் இருந்ததாம். அன்றிரவே எங்கிருந்தோ அதேபோல் ஒரு பசுவைக் கொண்டுவந்து தொழுவத்தில் கட்டிவிட்டதாம். பண்ணைகளில் ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றைக் கம்பத்தில் உயரக் கட்டிவைப்பதும் உண்டு. அது குருவிகளின் பங்கு.

இன்று குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, கடைகளில் ஆண்டு முழுக்கப் பச்சை இறைச்சி கிடைக்கிறது. உப்பிடவோ உலர்த்தவோ காரநீரில் போடவோ அவசியம் எதுவும் இல்லை. ஆனாலும் நவம்பரில் உப்பிட்ட விலாக்களும் ஊறிய லூட்டெஃபிஸ்க்கும் கடைகளை நிரப்புகின்றன. ஊறவைத்த ஆட்டு விலாவின் வாளியை வைக்க 23-ஆம் தேதி இரவு வீட்டில் இடம் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், எந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் என்பதைவிட, எதை எந்த நாளில் தொடங்க வேண்டும் என்ற கணக்குத்தான் அந்த வீடுகள் பத்திரமாகக் கைமாற்றித் தரவேண்டிய குறிப்பு. அதைத் தவறவிட்டவருக்குக் கடையில் எல்லாம் கிடைக்கும். அந்த மாலைக்கு முந்தைய இரண்டு வாரங்கள் கிடைக்காது.

விருந்து முடிந்தாலும் சாப்பாடு முடிவதில்லை. ஆறிய ரிப்பெ மறுநாள் ரொட்டியின் மேல் ஏறும். பலகார டப்பாக்கள் வருகிற விருந்தினருக்கெல்லாம் திறக்கும். இருபதாம் நாளான ஜனவரி 13-இல் பண்டிகையை முடித்து மரத்தை வெளியே எடுப்பார்கள். லோஃபோட்டன் கடலில் அடுத்த மீன்பருவம் அதற்குள் தொடங்கியிருக்கும்.

அடுத்த வாரம் ஐஸ்லாந்து. தானியம் அரிதான அந்தத் தீவில் குடும்பம் முழுதும் கூடி உட்கார்ந்து, கத்தியால் பூவேலை செய்து பொரிக்கும் இலைரொட்டி.

(தொடரும்)